எஸ்.பி. பட்டினம் முதல் நரிப்பையூர் வரை: கையில் கொஞ்சம் காசோடு ராமநாதபுரம் கடற்கரையைச் சுற்ற நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

போன தை மாதம், பொங்கல் முடிந்த கையோடு, நானும் பெரியப்பா மகன் அண்ணனும் ஆளுக்கொரு பையை மாட்டிக்கொண்டு எங்கள் மாவட்டத்துக் கடற்கரையை வடக்கு மூலையிலிருந்து தெற்கு மூலை வரை சுற்றி வந்தோம். பெரிய சாகசம் ஒன்றும் இல்லை. டவுன் பஸ், ஷேர் ஆட்டோ, பாசஞ்சர் ரயில், மிச்சத்துக்குக் கால். அதிலிருந்து கல்யாண வீட்டில், டீக்கடையில், போனில் என்று எங்கே பார்த்தாலும் அதே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, தெரிந்த பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன்.

ராமேஸ்வரம் போயிட்டு வந்தா போதாதா? மொத்தக் கரையையும் சுத்துற அளவுக்கு அங்க என்ன இருக்கு?

இதைக் கேட்பவர்களில் பாதிப் பேர் இந்த மாவட்டத்துக்காரர்கள்! ராமேஸ்வரம், தனுஷ்கோடி, பாம்பன் பாலம் மூன்றையும் பார்த்துவிட்டு ராத்திரி ரயிலைப் பிடிப்பதுதான் எல்லோருக்கும் பழக்கம். அந்த மூன்றும் நல்ல இடங்கள்தான். ஆனால் ராமேஸ்வரத்தில் இருந்து பார்த்தால் இங்கே இரண்டு கடல் இருப்பது உடம்புக்குப் புரியாது. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. எங்கள் பக்கம் முன்னதைப் பெண்கடல், பின்னதை ஆண்கடல் என்பார்கள். பெண்கடல் ஏரி மாதிரி ஆழமில்லாமல் சேறும் புல்லுமாகக் கிடக்கும். ஆண்கடல் அலையடித்துக்கொண்டு, பவளப்பாறையும் தீவும் வைத்துக்கொண்டு நிற்கும். மீன் வேறு, வலை வேறு, படகு வேறு, குழம்பின் ருசிகூட வேறு.

வடக்கிலிருந்து மெதுவாக இறங்கி வந்தால் ஒரு கடல் இன்னொரு கடலாக மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரே நாளில் காரில் ஓடினால் இது கிடைக்காது.

எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கிறது? எத்தனை கிலோமீட்டர்?

மாவட்டத்தின் கடற்கரை சுமார் 237 கிலோமீட்டர். தமிழ்நாட்டில் வேறெந்த மாவட்டத்துக்கும் இவ்வளவு நீளக் கரை கிடையாது. வடக்கே புதுக்கோட்டை மாவட்டத்தை ஒட்டிய எஸ்.பி. பட்டினத்தில், அதாவது சுந்தரபாண்டியன்பட்டினத்தில், தொடங்கினோம். தெற்கே நரிப்பையூரில் முடித்தோம். அதைத் தாண்டினால் வேம்பார், அது தூத்துக்குடி மாவட்டம்.

கரை நேர்கோடு அல்ல. தொண்டி, தேவிபட்டினம் என்று தெற்கே வந்து, மண்டபத்தில் கிழக்கே நீட்டிப் பாம்பன் தீவுக்குள் போய், அரிச்சல்முனையில் முட்டி, மறுபடி மண்டபம் திரும்பி, கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று தென்மேற்கே இறங்கும். அதனால் மண்டபத்தை இரண்டு தடவை பார்ப்பீர்கள்.

எந்த மாசம் போகலாம்?

தை, மாசி. யோசிக்கவே வேண்டாம்.

காரணம் காற்று. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். மழையும் புயலும் அப்போதுதான். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்தால் பையை இறக்கி வைத்துவிடுங்கள். வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று. அது மழை தராது, மணலைத் தரும். சாப்பிடும் சோற்றில், காதில், போன் சார்ஜர் ஓட்டையில் எல்லாம் மணல். வாடையில் வடகடலும் கச்சானில் தென்கடலும் கொந்தளிக்கும். இரண்டும் கொஞ்சம் அடங்கிக் கிடக்கும் இடைவெளிதான் தை, மாசி.

சித்திரையில் வெயில் ஒரு பக்கம், மீன்பிடித் தடைக்காலம் ஒரு பக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு போகும் என்பதால் மீன் அடியோடு இல்லாமல் போகாது, விலை ஏறும். மீன்பிடித் துறைகளும் களையிழந்து கிடக்கும்.

எத்தனை நாள் ஆகும்?

எங்களுக்கு ஒன்பது நாள், எட்டு ராத்திரி. முதல் ராத்திரி தொண்டி. அடுத்த இரண்டு ராமநாதபுரம் டவுன். அங்கிருந்துகொண்டே காரங்காடு, தேவிபட்டினம், ஆற்றங்கரை, அழகன்குளம் எல்லாம் போய்த் திரும்பிவிடலாம். நான்காவதும் ஐந்தாவதும் ராமேஸ்வரம். ஆறாவது கீழக்கரை, ஏழாவது ஏர்வாடி, எட்டாவது சாயல்குடி. ஒன்பதாம் நாள் மாரியூர், மூக்கையூர் பார்த்துவிட்டு மதியம் நரிப்பையூரில் முடித்தோம்.

மொத்தம் எவ்வளவு ஆச்சு? மறைக்காமச் சொல்லு.

மறைக்க என்ன இருக்கிறது, நோட்டில் எழுதிவைத்தது அப்படியே: ஒரு ஆளுக்கு 6,260 ரூபாய். பஸ், ரயில், ஷேர் ஆட்டோ 720. தங்கல் 1,850. சாப்பாடு, டீ, வடை 2,310. தண்ணீர் 260. படகுச் சவாரி, கோயில் சீட்டு, சில்லறைச் செலவு 480. வீட்டுக்கு வாங்கிய தொதல் (ஒரு இனிப்பு), கருவாடு, கருப்பட்டி 640.

தங்கல் குறைந்ததற்குக் காரணம் உண்டு. எட்டு ராத்திரியில் ஐந்துக்குத்தான் அறை எடுத்தோம், அதையும் இருவர் பங்கிட்டோம். தொண்டியில் அத்தை வீடு, கீழக்கரையில் கூட வேலை பார்த்த நண்பர் வீடு, ஒரு ராத்திரி ரயில் நிலையம். (அந்த ரயில் நிலையக் கதை கீழே வருகிறது, சிரிக்காமல் படியுங்கள்.) சொந்தபந்தம் இல்லாதவர்கள், தனியாகப் போகிறவர்கள் எட்டாயிரம் வரை வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு மேல் ஆகிறது என்றால் எங்கோ ஆட்டோவுக்குத் தேவையில்லாமல் கொடுக்கிறீர்கள்.

இவ்வளவுதான் செலவுன்னா எதுல எதிர்பார்க்காம காசு போகும்?

கடைசி மூன்று கிலோமீட்டரில். கிழக்குக் கடற்கரைச் சாலை வரை பஸ் கொண்டுவந்து விட்டுவிடும். கடல் அங்கிருந்து இரண்டு, மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கும். அந்தத் தூரத்துக்குத் தனி ஆட்டோ பிடித்தால் அதுவரை வந்த மொத்த பஸ் செலவைப்போல இரண்டு மடங்கு கேட்பார்கள். காலை ஆறு மணிக்குள்ளோ மாலை நான்கு மணிக்கு மேலோ அந்தத் தூரத்தை நடந்துவிடுங்கள். நடு வெயிலில் மாட்டிக்கொண்டால்தான் ஆட்டோ தேவைப்படும்.

முழுக்க முழுக்கக் கரையிலேயே நடந்து போக முடியாதா?

முடியாது. நாங்களும் அந்த ஆசையோடுதான் கிளம்பினோம், முதல் நாளே வடிந்துவிட்டது. வடகடல் பக்கம் பல இடங்களில் கரை என்று ஒன்று தெளிவாக இருக்காது. சேறு, அலையாத்திக் காடு, உப்பளம், ஆற்றுமுகம் என்று மாறி மாறி வரும். முட்டி வரை சேற்றில் இறங்கி அரைக் கிலோமீட்டர் போவதற்குள் அண்ணன் ஒரு செருப்பைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டார். ஆற்றங்கரையில் வைகை வாய், மூக்கையூரில் குண்டாறு வாய். மழை பெய்த வருஷம் இவற்றைக் காலால் கடக்க முடியாது. கரையிலிருந்து விலகி உள்ளே வந்தால் சீமைக்கருவேலங் காடு. அந்த முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்துக்கு வந்துவிடும்.

நடக்கத் தோதான துண்டுகளை மட்டும் பொறுக்கிக்கொள்ளுங்கள். உச்சிப்புளிக்கு வடக்கே அரியமான் கரை, சவுக்குத் தோப்பும் மெல்லிய மணலுமாக நடக்கச் சுகம். பழைய தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனை வரை ஐந்து கிலோமீட்டர், இரண்டு பக்கமும் கடல், தலைக்கு மேல் ஒரு இலைகூடக் கிடையாது, விடியலில் நடக்க வேண்டியது. சேதுக்கரையிலிருந்து கீழக்கரைக்கு ஒரு காலைப் பொழுதில் வந்தோம், பாதி கரையோரம், மீதி பனங்காட்டு வழி. எனக்கு அந்த ஒன்பது நாளில் பிடித்த நடை அதுதான்.

பஸ் வசதி எப்படி? கார், பைக் இல்லாம முடியுமா?

தாராளமாக முடியும். ராமநாதபுரம் பழைய பஸ் ஸ்டாண்டும் புதிய பஸ் ஸ்டாண்டும்தான் சக்கரத்தின் அச்சு, எல்லா ஆரக்காலும் அங்கிருந்துதான் போகிறது. தொண்டி, தேவிபட்டினம் பஸ் ஒரு பக்கம். மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் இன்னொரு பக்கம். கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி மூன்றாவது பக்கம். பெரிய ஊர்களுக்குக் காத்திருக்க வேண்டியதே இல்லை. வாலிநோக்கம், மாரியூர், மூக்கையூர் போன்ற ஊர்களுக்கு டவுன் பஸ் நேரம் பார்த்துத்தான் வரும். முதல் நாளே கண்டக்டரிடம் கேட்டு, திரும்பும் கடைசி பஸ்ஸின் நேரத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போகும் பஸ்ஸைவிட வரும் பஸ்தான் முக்கியம்.

சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் கிடையாது. அந்தக் கணக்குப்படி என் தங்கை இதே பயணத்தைப் போனால் போக்குவரத்துச் செலவு எனக்கு ஆனதில் பாதிகூட வராது.

பாம்பனை மட்டும் பஸ்ஸில் ஒரு முறை, ரயிலில் ஒரு முறை கடந்து பாருங்கள். 1914இல் திறந்த பழைய தூக்குப்பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோனது. பக்கத்திலேயே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. பழையது இரண்டு கைகளை விரிப்பதுபோல் திறந்தது, புதியது 72.5 மீட்டர் நீளத் துண்டை அப்படியே செங்குத்தாக மேலே தூக்கும். மண்டபத்தில் பாசஞ்சர் ஏறினால் இதையெல்லாம் சில்லறைக் காசில் பார்க்கலாம். சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பவர்களைப் போலீஸ் விரட்டுவார்கள். ரயிலில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் படியில் தொங்காதீர்கள். அந்தக் காற்று விளையாட்டுக் காற்று இல்லை.

எங்க தங்குறது? முன்கூட்டியே ரூம் போடணுமா?

ராமநாதபுரம், ராமேஸ்வரம், ஏர்வாடி மூன்று ஊரிலும் லாட்ஜ் நிறைய. ராமேஸ்வரத்தில் கோயில் நிர்வாகத்தின் விடுதிகள், பல சமூகத்துச் சத்திரங்கள், மடங்கள் உண்டு. லாட்ஜைவிட மலிவு, ஆனால் தனியாக வருபவருக்குச் சில இடங்களில் அறை தர மாட்டார்கள். கீழக்கரையிலும் சாயல்குடியிலும் ஓரளவு உண்டு. மற்ற கடற்கரைக் கிராமங்களில் விடுதி என்று எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

சாதாரண நாளில் நேரில் போய் அறையைப் பார்த்து, குழாயைத் திறந்து பார்த்து, அப்புறம் பேசுவதே லாபம். ஆனால் ஒரு விஷயம்: காலண்டரில் அமாவாசையைப் பாருங்கள். நாங்கள் பார்க்கவில்லை. ராமேஸ்வரத்துக்குள் நுழைந்தது தை அமாவாசைக்கு முந்தின நாள் சாயங்காலம். போனில் சரி என்று சொன்ன லாட்ஜில் நேரில் போனதும் "அப்படி ஒரு பேரே பதிவுல இல்லையே தம்பி" என்றார்கள். அடுத்த இடத்தில் ஒரு அறைக்கு மூன்று மடங்கு கேட்டார்கள். கடைசியில் ரயில் நிலையத்தில், காசியிலிருந்து வந்த ஒரு பெரிய குடும்பத்தின் மூட்டைகளுக்குப் பக்கத்தில் துண்டை விரித்துப் படுத்தோம். அவர்கள் கொடுத்த பூரி நன்றாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஆடி அமாவாசை, புரட்டாசி மகாளய அமாவாசை, தை அமாவாசை மூன்றிலும் ராமேஸ்வரம், தேவிபட்டினம், சேதுக்கரை மூன்று ஊரும் இதே கதைதான்.

பீச்சுல டென்ட் போட்டுத் தங்கலாமா? சினிமால எல்லாம் பண்றாங்களே.

இந்தக் கரையில் வேண்டாம். அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கடலோரக் காவல் குழுமம், கடற்படை, கடலோரக் காவல் படை என்று எப்போதும் யாராவது ரோந்து வருவார்கள். ராத்திரியில் கரையில் டார்ச் அடித்துக்கொண்டு இரண்டு பேர் இருந்தால் முதலில் கடத்தல்காரர்கள் என்றுதான் நினைப்பார்கள், நினைப்பதும் நியாயம். அதோடு, தை முதல் பங்குனி வரை கடலாமை முட்டையிட வரும் காலம், வெளிச்சம் பட்டால் திரும்பிப் போய்விடும்.

அசல் ஆதார் அட்டை எப்போதும் பையில் இருக்கட்டும். எங்களை இரண்டு இடத்தில் நிறுத்தி விசாரித்தார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள், அட்டையைப் பார்த்ததும் எந்த ஊர், யார் மகன் என்று விசாரித்து, டீக்கடைக்கு வழி சொல்லி அனுப்பினார்கள்.

தண்ணிக்கு என்ன பண்ணுனீங்க? ராம்நாடுன்னாலே தண்ணி இல்லாத காடும்பாங்களே.

தண்ணியில்லாக் காடு என்று அரசு ஊழியர்களை மாற்றல் போட்டு மிரட்டிய ஊர் இது. இப்போது காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிறது, இருந்தாலும் கரையோரக் கிராமங்களில் குடத்துக்குக் காசு கொடுத்து வண்டித் தண்ணீர் வாங்கும் வீடுகளைப் பார்க்கலாம். கடல் நீரைக் குடிநீராக்க நரிப்பையூரில் ஆலையே கட்டினார்கள் என்றால் நிலைமை புரியும்.

அதனால் யார் வீட்டிலும் பாட்டிலை நிரப்பித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். கேட்டால் கொடுத்துவிடுவார்கள், அதுதான் பிரச்சினை. டீக்கடையில் டீ குடித்துவிட்டு, கேன் தண்ணீருக்குக் காசு கொடுத்து நிரப்பிக்கொள்ளுங்கள். செலவுக் கணக்கில் தண்ணீருக்கென்று 260 தனியாக இருப்பது அதனால்தான். ஆளுக்கு மூன்று லிட்டர் இல்லாமல் தனுஷ்கோடி நடை, வாலிநோக்கம் பக்கம் எதிலும் இறங்க வேண்டாம். இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றையும் சொல்ல வேண்டும்: தனுஷ்கோடியில் கடலுக்குச் சில அடி தள்ளி மணலைத் தோண்டினால் ஊற்றில் குடிக்கத் தகுந்த தண்ணீர் வருகிறது. மழைநீர் மணலுக்குள் உப்புநீரின் மேல் மிதந்து நிற்பதால் அப்படி. அங்குள்ளவர்கள் அதை அகப்பையால் கலக்காமல் மொண்டு எடுக்கும் பக்குவம் பார்க்க வேண்டிய ஒன்று.

சாப்பாடு? நாங்க சைவம், சமாளிக்க முடியுமா?

ராமேஸ்வரத்தில் சைவ ஹோட்டலுக்குக் குறையே இல்லை. மற்ற ஊர்களில் காலை இட்லிக் கடை எல்லா இடத்திலும் உண்டு. மதியம்தான் சிக்கல். காலையில் இரண்டு பார்சல் கட்டிக்கொண்டால் தீர்ந்தது.

மீன் சாப்பிடுபவர்களுக்கு இது சொர்க்கம். பெரிய போர்டு வைத்த கடைகளைத் தாண்டி, மீன் ஏலம் நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகையில் சோறு போடும் அக்காக்களிடம் போங்கள். வஞ்சிரம் கேட்டால் விலை ஏறும். அன்றைக்கு என்ன வந்ததோ அதைக் கேளுங்கள்: காரல், சூடை, முரல், நகரை, கணவாய். காரல் சொதியை எழுபது ரூபாய்ச் சாப்பாட்டோடு தொண்டிப் பக்கம் சாப்பிட்டேன், இன்னும் நாக்கில் நிற்கிறது. காரங்காட்டில் வனத்துறை நடத்தும் அலையாத்திப் படகுச் சவாரி உண்டு, அங்கே சாப்பிட வேண்டுமானால் முதல் நாளே சொல்லி வையுங்கள்.

கீழக்கரையில் தொதல் வாங்காமல் வரக் கூடாது. அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி சேர்த்து மணிக்கணக்கில் கிண்டுவது. ரமலான் மாதத்தில் போனால் கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கம் பகலில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சாயங்காலம் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்க யார் தூக்குவாளியோடு போனாலும் ஊற்றுவார்கள். "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்ற சொலவடைக்குச் சொந்தக்காரர் ஊர் கீழக்கரை.

தனுஷ்கோடி உண்மையிலேயே பார்க்கத் தகுந்ததா, இல்ல சும்மா ஏத்திவிடுறாங்களா?

எப்போது போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. காலை பத்து மணிக்கு மேல் போனால் வேன் நெரிசல், சங்கு மாலைக் கடைகள், இடிந்த தேவாலயத்துக்கு முன்னால் கல்யாண போட்டோ எடுப்பவர்கள். விடியற்காலையில் போனால் வேறு ஊர். ராமேஸ்வரத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, பழைய தனுஷ்கோடியில் இறங்கி, முன்னே சொன்ன ஐந்து கிலோமீட்டரை நடங்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி வந்த புயலில் இந்த ஊரும், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலும் போயின. தண்ணீர்த் தொட்டி, தேவாலயச் சுவர், ரயில் நிலையத் தூண்கள் மட்டும் மிச்சம். சுவர்கள் பவளக்கல்லால் கட்டியவை, கிட்டப் போனால் கல்லுக்குள் பூ மாதிரி வரிகள் தெரியும். வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்த பிறகும் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு இருக்கிறார்கள். அவர்கள் காட்சிப் பொருள் இல்லை, வீட்டு வாசலில் நின்று படம் எடுக்காதீர்கள்.

அரிச்சல்முனை வரை தார்ச்சாலை 2017இல்தான் வந்தது. மாலையில் வண்டிகளை உள்ளே விட மாட்டார்கள், சூரிய அஸ்தமனத்துக்கென்று போய் ஏமாறாதீர்கள். குளிர்காலத்தில் வழியில் கோதண்டராமர் கோயில் பக்கத்து உப்பங்கழியில் பூநாரைகள் நிற்கும். முனைக்குப் போனதும் போனில் இலங்கைக்கு வரவேற்கிறோம் என்று செய்தி வரலாம். ரோமிங்கை முன்பே அணைத்துவிடுங்கள், அண்ணனுக்கு ரீசார்ஜ் காசு போனது.

எங்க குளிக்கலாம்? நீச்சல் நல்லாத் தெரியும்.

நீச்சல் நன்றாகத் தெரிந்தவர்கள்தான் அரிச்சல்முனையில் இறங்குகிறார்கள். இரண்டு கடலும் முட்டும் இடம், அடியில் இழுப்பு எந்தப் பக்கம் என்று கரையிலிருந்து தெரியாது. அங்கே கால்கூட நனைக்க வேண்டாம். குளிக்க வேண்டுமென்றால் அரியமான், அல்லது ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம். இரண்டும் பெண்கடல் பக்கம், அலை இருக்காது. கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆட வேண்டுமென்றால் மாற்றுத் துணியை வெளியிலேயே பத்திரமாக வைத்துவிட்டுப் போங்கள், ஈர உடையோடு சந்நிதிக்குள் விடுவதில்லை.

மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குப் படகுல போகலாமா? சங்கு, பவளம் எடுத்துட்டு வரலாமா?

21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் எந்தத் தீவிலும் இறங்கக் கூடாது. "நான் கூட்டிட்டுப் போறேன், யாருக்கும் தெரியாது" என்று காதோடு சொல்பவர் வழக்கு வந்தால் அங்கே இருக்க மாட்டார். வனத்துறையே நடத்தும் சவாரி இருந்தால் மண்டபத்தில் விசாரித்து அதில் போங்கள்.

பவளத் துண்டு கரையில் கிடந்தாலும் எடுக்காதீர்கள், உயிரோடிருந்தாலும் செத்திருந்தாலும் வனவிலங்குச் சட்டத்தில் குற்றம். கடல் அட்டையும் (வெள்ளரிக்காய் மாதிரி இருக்கும் கடல் உயிர்) அப்படித்தான், 2001இலிருந்து தடை. கருவாட்டுச் சந்தையில் யாராவது உலர்ந்த கடல் அட்டையைக் காட்டினால் ஆவலாகக் கையில் வாங்கிக்கூடப் பார்க்க வேண்டாம்.

மீன்பிடிக்கப் போற போட்டுல ஒரு நாள் கூட்டிட்டுப் போவாங்களா?

கேட்காதீர்கள். எல்லையைத் தாண்டிவிட்டதாகப் பிடிபடும் பயத்தோடு போகிறவர்கள் அவர்கள். மீனவர் அடையாள அட்டை இல்லாத ஒருவர் படகில் இருந்தால் படகு முதலாளியான சம்மாட்டிக்கும் சேர்த்து வம்பு.

அதற்குப் பதில் கரைவலை இழுக்கும் இடத்துக்கு விடியலில் போங்கள். தனுஷ்கோடிப் பக்கம் அது உண்டு. கயிற்றில் கை வைக்கலாமா அண்ணே என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே இடம் விடுவார்கள். ஒரு மணி நேரத்தில் உள்ளங்கை தோல் உரிந்துவிடும். பேச்சைத் தொடங்க "இன்னைக்குப் பாடு எப்படி?" என்பதைவிட நல்ல வார்த்தை எனக்குத் தெரியாது. பாடு என்றால் அன்றைய மீன் வரவு. பாடு இல்லை என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

பாம்பன், மண்டபம் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களையும் பார்ப்பீர்கள். கண்ணாடி மாட்டிக்கொண்டு மூழ்கி மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று பாசி பறிப்பவர்கள். மூங்கில் மிதவையில் வளர்க்கும் ஒரு வெளிநாட்டுப் பாசிக்குப் பெப்சி பாசி என்று பேர், அந்தக் கம்பெனி கொண்டுவந்ததால்!

பொம்பளைப் புள்ளைங்க தனியாப் போகலாமா?

நான் ஆண், அதனால் இதற்கு நான் சொல்வதைவிட என் தங்கை சொன்னதைச் சொல்கிறேன். அவளும் அவள் தோழியும் நாங்கள் போய் வந்த அடுத்த மாதம் தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை ஆறு நாள் போனார்கள். பகலில் எங்கேயும் பயம் இல்லை, ஆனால் எல்லா இடத்திலும் "வீட்டுல சொல்லிட்டு வந்தீங்களா?" என்ற கேள்வி தப்பவில்லை. இருட்டுவதற்குள் பெரிய ஊருக்கு வந்துவிடுவது, ஆளில்லாத கரைக்கு மதியத்தில் போகாமலிருப்பது, இரண்டையும் கறாராக வைத்துக்கொண்டார்கள். பெரிய தொல்லை கழிப்பறைதான். பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம், பெட்ரோல் பங்க், கோயில், இவற்றை முன்கூட்டியே குறித்துக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் கிளம்பினார்களாம். கீழக்கரையில் வழி கேட்ட வீட்டில் ஒரு லாத்தா (முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) உள்ளே கூப்பிட்டு மதியச் சோறு போட்டே அனுப்பியிருக்கிறார். எங்களுக்கு அப்படி யாரும் போடவில்லை.

தர்கா, பள்ளிவாசல், சர்ச்சுக்குள்ள எல்லாரும் போகலாமா?

ஏர்வாடி தர்காவுக்கு எல்லா மதத்தவரும் வருகிறார்கள், தலையை மூடிக்கொண்டால் போதும். மனநிலை சரியில்லாத உறவினரை நம்பிக்கையோடு கூட்டிவந்து தங்கியிருக்கும் குடும்பங்கள் அங்கே நிறைய, அவர்கள் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். கீழக்கரை பழைய ஜும்மா பள்ளியின் கல்தூண்களைப் பார்த்தால் கோயில் மண்டபமோ என்று தோன்றும், அதே சிற்பிகளின் கைப்பாணி. தொழுகை நேரம் தவிர்த்து, வாசலில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு நுழையுங்கள். திருப்புல்லாணி, மாரியூர் கோயில்கள் மதியம் நடை சாத்திவிடும்.

டிரோன் கொண்டு வரலாமா?

வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருக்கிறது, பருந்து என்று பெயர். மண்டபத்தில் கடலோரக் காவல் படை. பறக்கவிட்டால் டிரோனும் போகும், அந்த நாளும் போகும்.

பையில என்னென்ன வச்சுக்கணும்?

குறைவாக. இரண்டு கைலி, மூன்று சட்டை, துண்டு, தடித்த அடிப்பாகம் உள்ள செருப்பு, முள் எடுக்கச் சின்ன ஊசி, குடை. தொப்பியைக் காற்று கொண்டுபோய்விடும், குடையும் கச்சானில் திரும்பும், ஆனால் தை மாதத்தில் தாங்கும். போனைச் சுற்றிக்கொள்ளப் பிளாஸ்டிக் உறை. நூறு, ஐம்பது, இருபது என்று சில்லறை நோட்டு. போனில் பணம் அனுப்பும் வசதி எல்லாக் கடையிலும் இருக்கிறது, சிக்னல்தான் எல்லா ஊரிலும் இல்லை.

எனக்கு நாலு நாள்தான் லீவு. எதை விடலாம்?

முதலில் ராமேஸ்வரத்தை விடுங்கள். கோபப்படாமல் கேளுங்கள், அங்கே நீங்கள் எப்படியும் வாழ்நாளில் இரண்டு தடவை குடும்பத்தோடு போகத்தான் போகிறீர்கள். முதல் நாள் தொண்டி, காரங்காடு. இரண்டாம் நாள் தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவக்கிரகக் கற்களான நவபாஷாணம், அங்கிருந்து ஆற்றங்கரை, அழகன்குளம். ரோமானியக் காசும் பானை ஓடும் தோண்டி எடுத்த பழைய துறைமுகம் அழகன்குளம், இன்று போனால் மேடும் தென்னையும்தான் தெரியும், ஆனாலும் வைகை முடியும் இடத்தில் நின்றுவிட்டு வரலாம். மூன்றாம் நாள் திருப்புல்லாணி, சேதுக்கரை, கீழக்கரை நடை. நான்காம் நாள் ஏர்வாடி, வாலிநோக்கம்.

வாலிநோக்கத்தில் உப்பளத்தைத் தாண்டிக் கரைக்கு வந்ததும் இடது பக்கம் பாறைமேல் உட்காருங்கள். திரும்பும் பஸ்ஸின் நேரத்தைக் கண்டக்டரிடம் கேட்டு வைத்திருக்கிறீர்கள்தானே?